எங்கள் பள்ளிக் கிறிஸ்மஸுக்கு ஒரு பாராட்டுரை

பள்ளி விழாக்களில் நன்றியுரை கடைசியாகத்தான் வரும். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார். சிறப்பு விருந்தினருக்கு, தாளாளருக்கு, பந்தல் போட்டவருக்கு, கேக் உபயம் செய்தவருக்கு என்று வரிசையாக நன்றி சொல்லிவிட்டு, யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருளவும் என்று முடிப்பார்கள். நெல்லைப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் நர்சரி பிரைமரி பள்ளியிலும் கிறிஸ்மஸ் விழா அப்படித்தான் முடிந்தது. விட்டுப்போன பெயர்கள் நிறைய. மேடையில் புகழப்பட்டவர்களையும் இன்னும் சரியாகப் புகழ்ந்திருக்கலாம். இரண்டையும் இங்கே செய்கிறேன். மனதாரத்தான் செய்கிறேன்.

முதலில் நிர்வாகத்தின் ஒழுங்கு. டிசம்பர் பிறக்கும் முன்பே, தெருவில் முதல் நட்சத்திரம் தொங்கும் முன்பே, டைரியில் சர்க்குலர் ஒட்டியாகிவிட்டது. நாள், நேரம், உடை, தொகை எல்லாம் தெளிவாக இருந்தன. எழுநூறு ரூபாய். அதன் கீழே, ‘விருப்பமுள்ள பெற்றோர்கள் மட்டும்’ என்று பணிவாக ஒரு வரி. மறுநாள் முதல் காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிந்ததும் பணம் கொண்டுவராத பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். மிஸ் கையில் பட்டியல் இருக்கும். பெயரைப் படிப்பார், “நாளைக்கு?” என்று கேட்பார், பிள்ளை தலையாட்டிவிட்டு உட்காரும். நாளுக்கு நாள் பட்டியல் சுருங்கியது. எங்கள் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பில் கடைசியாக நின்றவர்கள் நான்கு பேர். ஆறு வயதுப் பிள்ளையை வசூலுக்கு அனுப்பினால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்பதை இந்த நிர்வாகம் அறிந்துவைத்திருக்கிறது. வட்டிக்குக் கொடுப்பவர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பணம் திரும்பி வருவதில்லை.

சட்டத்தை மதிப்பதிலும் குறை சொல்ல முடியாது. பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்து, கட்டணக் குழு அமைந்தது. அந்தக் குழு நிர்ணயித்த தொகை எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். விழாப் பணம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் அதற்கு ரசீதும் கிடையாது.

நின்ற நால்வரில் மூவர் ஆர்.டி.இ.யில் சேர்ந்த பிள்ளைகள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தனியே பிரிக்கக் கூடாது, அவர்களுக்கு வேறு இடத்தில், வேறு நேரத்தில் வகுப்பு நடத்தக் கூடாது என்று மறு வருடம் வந்த மத்திய விதிகள் சொல்கின்றன. எங்கள் பள்ளி பிரிப்பதே இல்லை. எல்லோரும் ஒரே பெஞ்சில்தான். எழுந்து நிற்கும்போதுதான் யார் யார் என்று தெரியும்.

அந்த நால்வரில் ஒரு பிள்ளையின் அம்மாவை இங்கே பாராட்ட வேண்டும். தேவதூதர் கூட்டத்தில் நிற்பதற்கு வெள்ளை உடையும் இறக்கையும் வேண்டும். ஃபேன்சி டிரஸ் கடையில் ஒரு நாள் வாடகை முந்நூறு, டெபாசிட் ஐந்நூறு. அவர் கடைக்குப் போகவில்லை. மாமனாரின் பழைய வேட்டியில் அங்கி தைத்தார். தென்னை ஈர்க்குகளை ஈரத்துணியில் சுற்றி இரவெல்லாம் வைத்திருந்து, காலையில் வளைத்துக் கட்டினார். அதன்மேல் கொசுவலைத் துணியை இழுத்துக் கோத்து, ஓரத்துக்கு ஜிகினா ஒட்டினார். கடை இறக்கையில் கம்பி முதுகில் குத்தும், இது குத்தாது. விழா அன்று கடை இறக்கைகள் நிறையக் கழன்று விழுந்தன. ஈர்க்கு இறக்கை கடைசிவரை நின்றது. பள்ளி அதைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டது. ‘எங்கள் மாணவர்களின் படைப்பாற்றல்’ என்று மேலே எழுதியிருந்தது.

வேடம் பிரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். மரியாள், யோசேப்பு, காபிரியேல், மூன்று சாஸ்திரிகள், மேய்ப்பர்கள், ஆடுகள். யாருக்கு எது என்று முடிவு செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிவந்த பிள்ளைகள் மரியாளும் தேவதூதரும். கறுத்த பிள்ளைகள் மேய்ப்பரும் ஆடும். இடைப்பட்டவர்கள் சாஸ்திரிகள். குரல் எப்படி, வசனம் யாருக்கு மனப்பாடம் ஆகும் என்றெல்லாம் பார்த்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும். பெத்லகேம் மேற்காசியாவில் வெயில் காயும் ஊர், அங்கே ஆடு மேய்த்தவர்களும் தச்சர்களும் இந்த மேய்ப்பர் பிள்ளைகளின் நிறத்தில்தான் இருந்திருப்பார்கள் என்று ஒரு மிஸ் சொல்லிப் பார்த்தாராம். சொன்ன துணிச்சலுக்காக அந்த மிஸ்ஸுக்கு என் நன்றி. அடுத்த ரிகர்சலிலிருந்து அவருக்குப் பந்தல் அலங்காரம் பார்க்கும் வேலை.

இதில் நல்லது ஒன்றும் நடந்துவிட்டது. கிறிஸ்து பிறந்த செய்தி லூக்காவின் கணக்குப்படி முதலில் போய்ச் சேர்ந்தது, இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம். சாஸ்திரிகள் மத்தேயுவில் வருகிறார்கள், அதுவும் பிறகு. கறுப்பு என்று ஓரம் கட்டிய பிள்ளைகளுக்குப் பள்ளி தன் கையாலேயே கதையின் முதல் வரிசையைக் கொடுத்துவிட்டது.

சத்திரக்காரன் வேடம் வேதத்தில் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்ற செய்திதான் லூக்காவில் உண்டு. அதைச் சொன்னவர் யாரென்று அவர் எழுதவில்லை. ஞாயிறு பள்ளி நாடகங்களில் சேர்த்த வேடம் அது. ஒரே வசனம், இடமில்லை என்பது. எங்கள் பள்ளியில் அந்த வேடம் தாளாளரின் பேரனுக்கு. கணீரென்று சொன்னான். எல்லோரும் கைதட்டினோம்.

ரிகர்சல் நடந்த நாட்களில் மரியாளாக நின்றது ஒரு பிள்ளை, மேடையில் மரியாளாக நின்றது வேறு பிள்ளை. தேர்வான பெண் பாட்டு வகுப்பு, சொந்தக்காரர் கல்யாணம் என்று வராத நாட்களில், இரண்டாம் வகுப்பில் மேய்ப்பராக இருந்த ஒரு பெண்ணை மிஸ் அந்த இடத்தில் நிறுத்தினார். முக்காட்டை எங்கே பிடிப்பது, பொம்மைக் குழந்தையின் தலையை எந்தக் கையில் தாங்குவது, யோசேப்பு வசனத்தை மறந்தால் எப்படி எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அவள் பழகிக்கொண்டாள். விழா நாளில் தன் மேய்ப்பர் கம்பளியோடு நின்றவள், மேடை ஏறும் முன் மரியாளின் முக்காட்டைச் சரிசெய்து, காதோரம் ஊக்கு குத்திவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கு வயது ஏழு. எங்கள் பள்ளி பிள்ளைகளுக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்கிறது, ஏழு வயதிலேயே, அதுவும் யாருக்கு அதிகம் தேவைப்படப்போகிறதோ அவர்களுக்கே.

இனி குடில். குடில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி பிரான்சிஸ். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் நிஜ வைக்கோலைப் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பிறந்த குழந்தை எந்த வசதியும் இல்லாமல் எப்படிக் கிடந்தது என்பதை ஜனங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்தார். எங்கள் பள்ளி அவரைவிடப் பல படி மேலே போயிருக்கிறது. மோட்டார் வைத்து நீர்வீழ்ச்சி விழுந்தது. தெர்மாகோல் மலை. மழைக்கால ஈரத்தில் பஞ்சுப் பனி பிசுபிசுத்தாலும் தினமும் புதுப் பஞ்சு. மேலே பனையோலைக் கூரை, கீழே வைக்கோல், இரண்டுக்கும் நடுவே நான்கைந்து இடத்தில் டேப் சுற்றி இணைத்த சீரியல் லைட். எல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் ஹாலில். ஹாலுக்குக் கதவு ஒன்றுதான்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஓலைக்கூரையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அதுவும் பிரைமரி பிள்ளைகள்தான். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் நடத்தும் ஒருவர்கூட அந்தத் தேதியை மறந்திருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். எங்கள் பள்ளியில் அதை மறக்காதவர் ஒருவர் இருக்கிறார், ஆயாம்மா. குடில் கட்டிய அன்றே இரண்டு வாளியில் தண்ணீரும் ஒரு சாக்கு மணலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. அலங்காரத்தோடு சேரவில்லை, எடுத்துவிடுங்கள் என்று ஆபீஸ் ரூமிலிருந்து ஆள் வந்தபோது, வாளியைச் சிவப்புத் தாளில் சுற்றி அங்கேயே வைத்தார். சாயங்காலம் கடைசிப் பிள்ளை போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த ஹாலில் பாதுகாப்பு ஏற்பாடு என்று இருந்தது அவர் ஒருவர்தான். நன்றியுரையில் ‘துப்புரவுப் பணியாளர்கள்’ என்று ஒரு சொல்லில் அவரும் அடக்கம்.

விழா நாலு மணிக்கு. மேக்கப்புக்காகப் பிள்ளைகள் பதினொன்றரைக்கே வர வேண்டும். வெள்ளை உடையில் சாம்பார் பட்டால் கறை போகாது, சாப்பாட்டு டப்பா வேண்டாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாளே அறிவித்துவிட்டார்கள். உதட்டுச் சாயம் அழியும், தண்ணீர் குடிக்கக் கூடாது. இறக்கை கட்டிய பிறகு பாத்ரூம் போகக் கூடாது. அந்த ஆயாம்மா மட்டும் ஒவ்வொரு இறக்கையாக அவிழ்த்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்வந்து, மறுபடியும் கட்டினார். சிறப்பு விருந்தினர் வந்தது ஆறேகாலுக்கு. அதுவரை நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள். அவர்கள் கட்டுப்பாட்டைச் சிறப்பு விருந்தினரே மேடையில் வியந்து பேசினார். வியக்க வேண்டியதுதான். பக்கத்துத் தெருவில் பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளி இருக்கிறது. 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் 2022-இல் தொடங்கிய காலை உணவும் உள்ள பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஜிகினா இறக்கை கிடையாது. ஆனால் அவர்கள் அன்றும் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள். நாங்கள் வருடத்துக்குப் பல்லாயிரம் கட்டிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கூட்டிவந்திருந்தோம்.

ஆசிரியைகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். டிசம்பர் அவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு மாதமும்கூட. பகலில் ரிகர்சல், சாயங்காலம் நட்சத்திரம் ஒட்டுவது, இரவில் விடைத்தாள். ஜிகினாத் தாளும் கலர் சாட்டும் கேட்டால் ஆபீஸில் ‘போன வருடத்தது இருக்கும், பாருங்கள்’ என்பார்கள். பார்த்தால் எலி கடித்திருக்கும். சொந்தப் பணத்தில் வாங்கி வருவார்கள். அவர்கள் சம்பளம் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இங்கே எழுதவில்லை. விரல் நுனியில் காய்ந்த பெவிகாலோடு ஒரு மிஸ் மேடைக்குப் பின்னால் பிள்ளைக்கு மீசை வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பணம் தராத பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவரும் அவர்தான். அது அவருக்குக் கொடுத்த வேலை. வசூல் முடியாத வகுப்பின் மிஸ்ஸைத்தான் மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துகிறார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே முறையைக் கடைப்பிடிக்கும் நிர்வாகம் இது.

பெற்றோர்களும் பாராட்டுக்கு உரியவர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தது. அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அந்த வருடம் எங்கள் பள்ளியில் விழா நடக்கவில்லை. கொடுத்த பணமும் திரும்பி வரவில்லை. மெத்தையும் அரிசியும் நனைந்துபோன வீடுகளிலிருந்துகூட ஒருவர் போய்க் கேட்கவில்லை. அதே பெருந்தன்மையோடு இந்த வருடமும், வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகும், குரூப்பில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விழா போட்டோக்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை இதயங்களும் கைகூப்பல்களும் வந்தபடி இருந்தன. நம் பிள்ளை உட்கார்ந்திருந்தால் போதும் என்ற இந்தப் பெரிய மனது இருக்கும்வரை எங்கள் பள்ளிக்கு ஒரு குறையும் வராது.

கிறிஸ்மஸ் தாத்தாவைச் சொல்லாமல் விடக் கூடாது. முகமூடிக்குள் இருந்தது ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன். சாடின் துணிச் சட்டையும் பஞ்சுத் தாடியுமாக வேர்த்து ஊற்ற, சாக்குப்பையைத் தோளில் போட்டு ஆடிக்கொண்டே வந்தார். மிட்டாயை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளை, பள்ளிக்கு வராத தங்கச்சிப் பாப்பா, வேலிக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்த யூனியன் பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் கொடுத்தார். அந்த விழாவில் கையில் பட்டியல் இல்லாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

அழைப்பிதழில் ‘நெல்லைச் சீமையின் கல்விப் பாரம்பரியத்தில்’ என்று ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். நல்ல வரி. மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கால் வைத்தார். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். இன்னொரு மிஷனரியான ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகப் பள்ளிகள் எழுந்தன. பனையேறிகளின் பிள்ளைகளும், திண்ணைப் பள்ளியில் ஏறவே முடியாத சாதிகளின் பிள்ளைகளும் பலகை பிடித்து எழுதியது அங்கே. அந்தப் பள்ளிகளிலும் சாதிச் சச்சரவு இல்லாமல் இல்லை. என்றாலும், இடமில்லை என்று பிற இடங்களில் சொல்லப்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்தது அங்கேதான். என் பாட்டி அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் நான்காவது வரை படித்தவர். கிறிஸ்மஸுக்குப் பள்ளியில் தேங்காய்ப்பூ தூவிய அவலும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள் என்பார். எழுந்து நின்றதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

தாளாளர் ஐயா, விழாவை நீங்கள் சிறப்பாக நடத்தினீர்கள். போட்டோக்கள் நன்றாக வந்திருக்கின்றன, அடுத்த வருட அட்மிஷனுக்கு அவை உதவும். குடில் பக்கத்தில் தீயணைக்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், ஆயாம்மாவுக்கு வயதாகிறது. விருந்தினர் தாமதமானால் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிவிடுங்கள், அவர் வந்து சேர்ந்துகொள்வார். அடுத்த நவம்பரில் சர்க்குலர் ஒட்டும்போது பணத்தை எங்களிடம் கேளுங்கள். எங்கள் போன் நம்பர் அட்மிஷன் பாரத்தில் இருக்கிறது. பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள்.